ஆடுவோர் இயற்றும் சாகசப் பனுவல்களும் அவற்றின் ஏற்பும்: கோலார் தங்கவயலை முன்வைத்து

பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களுக்காக எழுதப்படும் சாகசப் பனுவல்களைத் தமிழ்த் திறனாய்வு இதுகாறும் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. அவை படிப்பதற்கென்று எழுதப்படுபவை அல்ல என்பது அதற்கு ஒரு காரணமாகலாம். மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்வர். அவருள் ஒருவர் மட்டுமே பனுவலைக் கையில் வைத்திருப்பார். அவரை நடத்துநர் என்போம். அவர் ஓரிடத்தை விரித்துரைப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் அவ்விடத்தில் என்ன செய்கிறது என்று கூறுவர். ஐயத்திற்கிடமான செயலின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். இவ்வாறு சில மணி நேரம் நிகழும் உரையாடலே ஆட்டம். பனுவல் அவ்வுரையாடலுக்கு வேண்டிய மூலப்பொருள் மட்டுமே.

இவ்வகைப் பனுவல்களின் அடிப்படைச் செயல் பொன்னைத் தேடி நிலத்தடியில் இறங்குதல் ஆகும். தமிழ் மக்கள் அச்செயலைக் கூலிக்காக நூற்றிருபது ஆண்டுகள் செய்த ஊர் ஒன்று உண்டு. அது கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குத் தொழில் தொடங்கியது முதல் 28-2-2001 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அச்சுரங்கங்களில் உழைத்தன. அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆட்டத்தின் கற்பனையையும் இவ்வூரின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கும்போது, இப்பனுவல்களைத் தமிழில் பெயர்க்கவோ புதிதாக இயற்றவோ முனைவோர் முன் சில மொழிச் சிக்கல்கள் தோன்றுகின்றன. ஆடுவோர் ஒரு பனுவலை ஏற்பதும் தள்ளுவதும் அச்சிக்கல்களுக்குக் காணும் தீர்வைப் பொறுத்தே அமையும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆடுவோரே இயற்றுதல்

ஆடுவோர் தாமே சாகசங்களை இயற்றுவது இவ்வாட்டத்தில் பிற்காலச் சேர்க்கை அன்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விதிநூல், நிலவறைகளின் வரைபடங்களை ஒவ்வொரு நடத்துநரும் தாமே வரைந்துகொள்வார் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டது. அச்சிட்ட சாகசங்கள் பின்னர் வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற சில, அச்சேறுமுன் மேசையில் ஆடப்பட்டவை. கைகாக்ஸின் 'கொடூரங்களின் கல்லறை' 1975இல் ஒரு போட்டியில் ஆடப்பட்டு, 1978இல் நூலாயிற்று. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் தாம் எழுதிய 'பாரோ' என்னும் சாகசத்தை முதலில் தம் சொந்த வெளியீடாகவே கொணர்ந்தனர். நிறுவனப் பதிப்பு 1982இல்தான் வந்தது. 1986இல் தொடங்கிய 'டஞ்சன்' இதழ் வாசகர் எழுதி அனுப்பிய சாகசங்களைக் கொண்டு நடந்தது.

2000ஆம் ஆண்டின் திறந்த உரிமம் பிறரும் இவ்விதிகளைக் கொண்டு நூல் வெளியிட வழிசெய்தது. அவ்வுரிமத்தை மாற்ற நிறுவனம் முற்பட்டபோது ஆடுவோரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாக விதிகளின் அடிப்படைப் பகுதி 2023 ஜனவரியில் பொதுப் படைப்புரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் இதனைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மூலத்தை முறைப்படி குறிப்பிட்டால் போதும். அப்பகுதியைத் தமிழாக்க எவரிடமும் தனி இசைவு பெறவேண்டியதில்லை. இனித் தடையாக நிற்பது சட்டம் அன்று, மொழியே.

கேட்போரும் எச்சமும்

வாசகர் ஏற்பினை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் வொல்ஃப்காங் ஈஸர், பனுவலில் உள்ள இடைவெளிகளை நிரப்புவது வாசகரின் பணி என்றார். சாகசப் பனுவலில் இடைவெளி என்பது பனுவலின் பெரும்பகுதியாகவே விரிந்துவிடுகிறது. இதனை விளக்க அயல்நாட்டுக் கொள்கையை மட்டும் நாடவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாகக் கூற்று, கேட்போர், களன், எச்சம், முன்னம் முதலியவற்றை எண்ணுகிறது. கேட்போரைச் செய்யுளுக்குப் புறம்பானவராகக் கருதாது, அதன் உறுப்பாகவே கொண்ட மரபு நம்முடையது. அகப்பாட்டில் கேட்போர் பெரும்பாலும் மறுமொழி கூறுவதில்லை. ஆட்டத்திலோ கேட்போர் வாய்திறந்த அக்கணமே களன் மாறுகிறது. எழுதியவர் எதிர்பார்த்த வழியில் அவர் செல்வதும் அரிது. பாலத்தில் காவலனை நிறுத்தி அவனுக்கு இரண்டு பக்கம் உரையாடல் எழுதி வைத்திருப்பார் ஆசிரியர். ஆடுவோர் ஆற்றில் நீந்திக் கடந்துவிடுவர்.

ஆகவே இப்பனுவல்களைப் படித்து மதிப்பிடுவோரும் ஆடி மதிப்பிடுவோரும் ஒரே பனுவலைப் பற்றிப் பேசுவதாகக் கொள்ளமுடியாது. மேற்கூறிய 'கொடூரங்களின் கல்லறை' இதற்குத் தக்க சான்று. அதன் பொறிகள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த விதம் படிப்போர்க்கு வியப்பளிக்கும். ஆடுவோர்க்கோ, கவனமாக வளர்த்த பாத்திரம் ஒரு தவறான அடியில் மாண்டுபோகும் அனுபவமே மிஞ்சும். முதல்வகையினர் அதனை நுட்பம் என்பர். இரண்டாம் வகையினருள் பலர் வஞ்சகம் என்பர். இரண்டும் உண்மையே. ஆனால் திறனாய்வு இரண்டாவதற்கே செவிசாய்க்க வேண்டும் என்பது என் துணிபு. ஏனெனில் பனுவல் அவர்களுக்காகவே எழுதப்பட்டது.

தமிழில் இதற்கு நெருங்கிய நிகழ்த்துமுறை வட ஆற்காட்டில் வேரூன்றிய தெருக்கூத்தாகும். பாட்டு வரையறுக்கப்பட்டது, வசனத்தில் கூத்தர்க்கு உரிமை உண்டு. கட்டியங்காரன் அரசனை அறிமுகப்படுத்துவான், அவனைக் கேலி செய்வான், ஊர்ச் செய்தியை இடையே நுழைப்பான், அவையோரிடம் நேரே பேசுவான். கதைக்கும் கேட்போர்க்கும் நடுவே நிற்கும் இப்பணியைத்தான் நடத்துநரும் செய்கிறார். எனின் அவரைக் கட்டியங்காரன் என்றே பெயர்க்கலாமா? பணி பொருந்துகிறது, தகுதி பொருந்தவில்லை. கட்டியங்காரனுக்குக் கதையை மாற்றும் அதிகாரம் இல்லை. கூத்துக் குழுவின் தலைவரைக் குறிக்கும் 'வாத்தியார்' என்னும் சொல் அதிகாரத்தையும் பயிற்சியையும் ஒருங்கே தருவதால் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. பள்ளிக்கூட நினைவும் திரைப்பட நினைவும் உடன் வருவதைத் தவிர்க்க இயலாது. அதில் பெரிய இழப்பும் இல்லை.

தன்மையும் முன்னிலையும்

சாகசப் பனுவலில் உரக்கப் படிப்பதற்கென்று கட்டமிட்ட பகுதிகள் இருக்கும். அவை முன்னிலையில் அமையும். ஆடுவோர் இப்பகுதிகளைப் பற்றிக் கூறும் குறை ஒன்று உண்டு: 'என் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை நூல் எப்படி முடிவு செய்யலாம்?' ஆங்கிலத்தில் இவ்வரம்பைக் காப்பது நடையைப் பொறுத்தது. தமிழில் வேற்றுமை உருபே அதற்குத் துணை நிற்கிறது. இரண்டு மாதிரிகளை நோக்குக.

'கதவைத் திறக்கிறீர்கள். இருளைக் கண்டு பின்வாங்குகிறீர்கள்.'

'கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே இருள். ஈரமண்ணின் வாடை உங்களுக்கு எட்டுகிறது.'

முன்னதில் ஆடுவோர் எழுவாய். வினை அவர்மேல் ஏற்றப்படுகிறது. பின்னதில் அவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். புலனுக்கு எட்டியது கூறப்பட்டது. செய்வது அவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. 'தெரிகிறது', 'கேட்கிறது', 'எட்டுகிறது' போன்ற வினைகள் தமிழில் இயல்பாகவே இவ்வமைப்பை ஏற்பதால், ஆங்கில எழுத்தாளர் முயன்று அடையும் நடுநிலையைத் தமிழ் நடத்துநர் எளிதில் அடையலாம். ஆயினும் 'உங்களுக்கு அச்சமாக இருக்கிறது' என்பதும் இதே வேற்றுமைதான். உணர்ச்சியையும் புலனறிவையும் ஒரே உருபில் வைக்கும் இம்மொழியில், நல்லியல்பு வாய்ந்த வாக்கியம் போல வந்து அதுவும் அத்துமீறிவிடும். பெயர்ப்போர் உருபை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

தன்மைப் பன்மையில் தமிழ் தரும் வாய்ப்பு இன்னும் பெரியது. நண்பரை நோக்கி 'நாம் இறங்கலாமா?' என்று கேட்பவர், முடிவு எடுத்தபின் நடத்துநரை நோக்கி 'நாங்கள் இறங்குகிறோம்' என்பார். முதலாவது கேட்போரை உளப்படுத்தும் பன்மை, இரண்டாவது உளப்படுத்தாதது. ஆங்கிலம் பேசும் மேசையில் ஒரு பேச்சு ஆலோசனையா செயலா என்பதில் அடிக்கடி குழப்பம் நேரும். 'பேசிக்கொண்டுதான் இருந்தோம், இன்னும் இறங்கவில்லை' என்று ஆடுவோர் மறுப்பதும், 'சொல்லிவிட்டீர்களே' என்று நடத்துநர் பகடையை எடுப்பதும் வழக்கமான காட்சி. தமிழில் இதனைப் பிரதிப்பெயரே பெரும்பாலும் தீர்த்துவிடும். தங்கவயலில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்ற வேறுபாடு உண்டு. இக்காலக் கன்னடத்தில் 'நாவு' என்ற ஒரே வடிவமே இரண்டிற்கும் நிற்கிறது. மும்மொழியாளர் கூடியாடும் மேசையில் இவ்வேறுபாடு என்னாகும் என்பது களஆய்வுக்குரிய நல்ல பொருள்.

முன்னிலையின் மதிப்பு வடிவங்கள் வேறுவகைத் தொல்லை தருவன. ஆங்கிலப் பனுவலில் சுரங்க மேற்பார்வையாளன் ஒருவன் ஆடுவோரை ஒரே பிரதிப்பெயரால் விளித்து வேலையை முடித்துக்கொள்கிறான். தமிழில் அவன் 'நீ' என்பானா, 'நீர்' என்பானா, 'நீங்கள்' என்பானா? வந்திருப்பவரின் வயது, சாதி, பதவி தெரியாமல் எழுதியவர் இதனைத் தீர்மானிக்க இயலாது. ஆடுவோர் தம் பாத்திரத்தை இனிமேல்தான் உருவாக்கப் போகிறார். ஆங்கிலேய அதிகாரி, ஆங்கிலோ இந்திய மேற்பார்வையாளர், தமிழ்த் தொழிலாளி என்று அடுக்கடுக்காக அமைந்திருந்த தங்கவயலைக் களனாகக் கொள்ளும் பனுவலில் இது அலங்காரச் சிக்கல் அன்று. அங்கு ஒருவன் எப்பெயரால் விளிக்கப்பட்டான் என்பதில் அவன் வாழ்க்கையே அடங்கியிருந்தது. பாத்திரத்தின் பேச்சை முழுமையாக எழுதிவைக்காமல், 'இவன் தொழிலாளரை ஒருமையிலும் எழுத்தரைப் பன்மையிலும் அழைப்பான்' என்று குறிப்பு மட்டும் தந்து, சொல்லை நடத்துநரிடம் விடுவதே தக்கது.

பொன்னும் அனுபவமும்

ஆட்டத்தின் பெயரிலேயே நிற்கும் 'டஞ்சன்' என்ற சொல் பழைய பிரெஞ்சில் கோட்டையின் நடுக்கோபுரத்தைக் குறித்தது. பின்னர் அடியிலுள்ள சிறையாயிற்று. ஆட்டத்தில் அது செல்வமும் விலங்கும் நிறைந்த நிலத்தடிக் கட்டடம். தமிழில் நிலவறை, பாதாளம், சுரங்கம் ஆகியன போட்டியிடும். கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக வந்ததாகப் பலர் கருதும் 'சுரங்கம்' ஒலியளவில் கவர்ச்சியானது. ஆயினும் அதனைத் தவிர்க்க வேண்டும் என்பேன். சுரங்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் கூலி உண்டு, முறைநேரம் உண்டு, பாறை வெடிப்பு உண்டு, நுரையீரலில் படியும் தூசி உண்டு. சேம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமானது. அதற்குள் இறங்கியவர்களின் மக்களிடம் சென்று 'சுரங்கத்தில் இறங்கிப் புதையல் எடுங்கள்' என்று விளையாட்டு நூல் கூறினால், அவர்கள் அதனை எவ்வாறு ஏற்பர்?

1974ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆடுவோர் வெளிக்கொணரும் பொற்காசு ஒன்றுக்கு அனுபவப் புள்ளி ஒன்று. மேலே வந்த பொன் இறங்கியவனுக்கே உரியது, அவனது தேர்ச்சியும் அப்பொன்னாலேயே அளக்கப்படும் என்பது அவ்விதியின் உட்பொருள். தங்கவயல் தன் ஆயுட்காலத்தில் 800 டன் அளவு பொன் தந்ததாகக் கணக்கிடுவர். அதனை வெட்டியவர் வாயிலில் சோதனைக்கு உட்பட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பினர். 1930இல் தொழிலாளர் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர் என்பதை நினைவுகூர்ந்தால், அவ்வாயிலில் நிகழ்ந்தது பொன்னைக் காப்பது மட்டும் அன்று, ஆளையே குற்றவாளியாகக் கருதுவது என்பது புலப்படும். அனுபவம் அவர்களிடம் தங்கியது. பொன் வேறிடம் சென்றது. அவ்விதியை அப்படியே தமிழில் தந்தால் இலக்கணப் பிழை இராது. பொருட்பிழை இருக்கும். தங்கவயல் சாகசம் ஒன்றில் இறங்குவதைக் காட்டிலும் ஏறி வெளியே வருவதே கடினமான பகுதியாக அமையவேண்டும். பகடை உருட்டப்படவேண்டிய இடம் அவ்வாயில்தான்.

(அதே ஆழத்தில் 1965இல் இயற்பியலாளர் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டனர் என்பதும் சாகச ஆசிரியர் கருத்தில் கொள்ளத்தக்கது. எடையற்றதாகக் கருதப்பட்ட ஒன்றைத் தேடி இறங்கியவர்களை எவரும் வாயிலில் சோதித்திருக்க வாய்ப்பில்லை.)

'தங்கவயல்' என்ற பெயரும் ஒரு மொழிபெயர்ப்பே. சுரங்கத் துறையில் கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பைக் குறித்த ஆங்கிலச் சொல்லுக்கு 'வயல்' என்ற நேர்ச்சொல்லைப் போட்டுவிட்டனர். பிழை என்று கூறிவிடலாம். ஆனால் பிறர் வயலில் உழைத்த நிலமற்ற மக்கள் ஊரைவிட்டுச் சென்று சேர்ந்த இடத்திற்கு அப்பெயர் வாய்த்தது. பிழையான பெயர்ப்பு மக்கள் வழக்கில் வேரூன்றியபின் அதனைத் திருத்தும் உரிமை அகராதியாளர்க்கு இல்லை.

தென்னிந்தியச் சாயலில் அமைந்த களன் ஒன்று அண்மையில் இவ்வாட்டத்தில் இடம்பெற்றது. 1990களில் ரேவன்லாஃப்ட் வரிசையில் 'ஸ்ரீ ராஜி' என்ற நாடு இருந்தது. இந்தியா என்றால் காடும் புலித்தலை அரக்கனும் என்ற அளவில் நின்ற படைப்பு. 2021இல் அஜித் ஜார்ஜ் அதனை மாற்றி எழுதினார். அரியணைக்காக உடன்பிறந்தார் மூவர் ஓயாது பொருதும் நாடாக அது உருமாறியது. அதன் பெயரைத் தமிழில் எழுத முற்படும்போதே சிக்கல் தொடங்குகிறது. ஆங்கில எழுத்து குறில் நெடிலைக் காட்டாது. 'காலகேரி' எனின் காலன் வந்து நிற்கிறான். 'கலகேரி' எனின் கலகம். கதைக்கு இரண்டும் பொருந்தும். நான் பின்னதைத் தேர்வேன். ஈற்றிலுள்ள 'கேரி' கன்னடச் செவிக்குத் தெருவைக் குறிக்கும் சொல். 'கிவி', 'செவி' என்னும் இணையில் காணும் அதே ஒலிமாற்றத்தால் கன்னடக் 'கேரி' தமிழில் 'சேரி' ஆகும். சோழர் கல்வெட்டுகளில் பலதரப்பட்டோர் வாழ்ந்த சேரிகள் உண்டு. இன்று அச்சொல் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பாகக் குறுகிவிட்டது. ஆசிரியர் இவ்வொற்றுமையைக் கருதினார் என்று கூற வரவில்லை. அரண்மனைப் பூசலையே பேசும் இந்நாட்டின் பெயரில் சேரியின் உறவுச்சொல் இருக்கிறது. பனுவலிலோ சேரி மக்களுக்கு இடம் குறைவு. குடும்பப் பகையைச் சித்திரிப்பதில் ஜார்ஜின் எழுத்து தேர்ந்தது. அவ்வரியணையை யார் சுமக்கிறார் என்னும் கேள்வி அதில் வலுவாக எழவில்லை. அதனை எழுப்ப வேண்டியவர் ஆடுவோர்.

அக்கேள்விக்கு அருகில் வருவது 2022இல் வெளிவந்த பதின்மூன்று சாகசங்களின் தொகுதி. ஐரோப்பிய மரபினர் அல்லாத எழுத்தாளர்கள் தத்தம் மண்ணின் சாயலில் எழுதியவை அவை. திட்டத்திற்குத் தலைமை ஏற்ற இருவருள் அஜித் ஜார்ஜும் ஒருவர். வங்காளத்து ஆற்றுநிலத்தை மிமி மொண்டல் எழுதியிருக்கிறார். நமக்கு வேண்டியது டாமினிக் டிக்கி எழுதிய பொற்சுரங்கச் சாகசம். மேற்கு ஆப்பிரிக்கச் சாயலுள்ள நாட்டில், பொன்னைத் தின்னும் விலங்குகளால் சுரங்கத்தில் தொழிலாளர் சிக்கிக்கொள்கின்றனர். ஆடுவோர் அவர்களை மீட்க இறங்குகின்றனர். இறங்கும் நோக்கம் பொன்னிலிருந்து ஆளுக்கு மாறியதே பெரிய திருப்பம். இது நிறுவன வெளியீடுதான். ஆயினும் தங்கவயலில் ஒரு குழு தமக்கென்று சாகசம் இயற்ற எண்ணினால், அரண்மனைக் கதையைவிட இதுவே அவர்களுக்கு நல்ல முன்மாதிரி. அவ்வூரைக் களனாகக் கொண்ட 'கே.ஜி.எஃப்' கன்னடத் திரைப்படங்கள் 2018இலும் 2022இலும் தனியொரு வீரனின் புராணத்தைக் கூறின. 2024இல் வந்த 'தங்கலான்' வட ஆற்காட்டு ஒடுக்கப்பட்ட மக்களின் கனவாக அதே பொன்னைக் காட்டியது. இரண்டிலும் மக்கள் பார்ப்பவர்களே. மேசையில் அமர்ந்தால் அவர்களும் சொல்லலாம்.

டிக்கியின் விலங்கு கைகாக்ஸ் படைத்தது. இலத்தீனில் 'பொன்னை விழுங்குவது' எனப் பொருள்படும் பெயர் அதற்கு. 'பொன்விழுங்கி' என்றால் பொருள் தெளிவு. 'மலைவிழுங்கி' போன்ற வழக்குகளின் துணையும் உண்டு. 'பொன்னுண்ணி' என்றால் சொல் சிறிது. அதோடு மாட்டின் மேல் ஒட்டிக் குருதி குடிக்கும் உண்ணியும் நினைவுக்கு வரும். எட்டுக்கால்களுடன் நாயளவில் பாயும் விலங்குக்கு அந்நினைவு பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் உண்ணிக்கும் கால்கள் எட்டு. மொழிபெயர்ப்பில் நான் 'பொன்னுண்ணி' என்றே இடுவேன். மேசையில் ஆடுவோர் அதற்கு வேறொரு பெயர் வைத்து அழைக்கத் தொடங்கினால், அடுத்த பதிப்பில் என் சொல்லை அடித்துவிட்டு அவர்களுடையதைச் சேர்க்க வேண்டும்.